விழுந்தது பாட்டில்தான்

கடைக்காரர் ஃபெரோஸ் கண்ணாடி மேசைமேல் நாலு பாட்டில் கேஜ்களைப் பரப்பி வைத்துவிட்டு, "பையனுக்குங்களா மேடம்?" என்று கேட்டார். திலகவதியின் கையில் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் அதன் பட்டை பதிந்த தடம்கூட இன்னும் மறையவில்லை. வாசல் கம்பியில் சாய்த்திருக்கும் சைக்கிளை அவள்தான் ஓட்டிக்கொண்டு வந்தாள் என்பதைக் கதவைத் திறந்துவிட்டபோது அவரே பார்த்தார். இருந்தாலும் பையனுக்கு. ஐம்பதைத் தொடப்போகிற பெண்பிள்ளை சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் பின்னாலேயே ஒரு பையன் இருந்தாக வேண்டும், பையன் இல்லாவிட்டால் ஒரு சார், சாரும் இல்லாவிட்டால் வழிகேட்க வந்திருக்கிறாள். "எனக்குத்தாங்க" என்றாள். "ஓ" என்றார் ஃபெரோஸ், அந்த ஓவை அவள் இந்தக் கோயமுத்தூரில் கேட்காத தெரு இல்லை. போகட்டும். மேசைக்குக் குனிந்தாள். தண்ணீர் பாட்டிலைச் செருகிவைக்க சைக்கிள் சட்டத்தில் திருகி மாட்டுகிற ஒரு கவ்வி, அவ்வளவுதான் விஷயம். போன வருஷம் ஒன்று வாங்கியபோது புருஷன் தாமோதரன்கூட அதைத்தான் சொன்னார், "ஒரு பாட்டிலைப் பிடிச்சு வெக்கறதுக்கு கார்பனா?" என்று, காபியை ஆற்றிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமலே. மூக்குத்திக்கு வைரம் எதற்கு என்று எந்தப் புருஷனாவது கேட்டிருக்கிறானா? கேட்கமாட்டான், அது மூக்கில் சும்மா இருக்கும், எங்கேயும் ஓடாது. முதல் கேஜை எடுத்தாள். கையில் எடுத்த மாதிரியே இல்லை. கார்பன் இழை, கறுப்பாக, நெய்த துணிபோல உள்ளுக்குள் வரிவரியாக, விளிம்பில் விரலை ஓட்டினால் வழுவழு. "இதுதான் இருக்கறதுலயே லைட்டுங்க மேடம், மாட்டுனதே தெரியாது" என்றார் ஃபெரோஸ். தெரியாதுதான். திலகவதிக்கு நன்றாகத் தெரியும், இதே கேஜ்தான் வாசலில் நிற்கிற சைக்கிளிலும் இருக்கிறது, இதே லேசுக்கு ஆசைப்பட்டுத்தான் போன வருஷம் வாங்கினாள், இதுதான் பாட்டிலை விட்டது.

விழுந்தது பாட்டில்தான். அவள் விழவில்லை. அதை அவள் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று. பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோடு, ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டம், ஒருத்தர் சக்கரத்தை ஒருத்தர் ஒட்டிக்கொண்டு, முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒளிந்துகொண்டு போகிற போக்கு. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றுகின்றன, அத்தனை காற்றும் நேரே முகத்துக்கு வருகிறது. ஒரு பள்ளம், சக்கரம் தொப்பென்று இறங்கி ஏறியது, காலுக்குப் பக்கத்தில் என்னவோ காலியான மாதிரி இருந்தது, பின்னால் வந்த விவேக், "மேடம், பாட்டில்!" என்று கத்தினான். கேட்டது. காது நன்றாகத்தான் இருக்கிறது. நின்று எடுத்திருக்கலாம். ஆனால் அந்த வரிசையை ஒருதரம் விட்டால் அந்தக் காற்றில் தனியாளாக எட்டிப்பிடிக்கவே முடியாது, கண்ணுக்கு முன்னாலேயே சின்னதாகிப் போய்விடுவார்கள், அது சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும், அவர்களுக்குத்தான் அது பெரிய விஷயம். இருக்கிற ஒரே பாட்டில் ரோட்டில் உருண்டு போக, அவள் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். அடுத்த டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் தனக்குள். அடுத்த டீக்கடை சாத்தியிருந்தது, அதற்கடுத்து வெயில்தான் இருந்தது. கடைசியில் ஒரு புளியமரத்தடியில் இறங்கி, கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாள், அதுவும் விழவில்லை. யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்தும் விட்டாள். ஆனால் அதற்குள் விவேக் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டான், நல்ல பையன், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காரில் வந்து இறங்கியவர்கள் யாரும் பாட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. பல்லடத்து வெயிலில் தண்ணியில்லாமல் மிதித்தால் எருமைக்குக்கூடக் கண் இருட்டும். தம்பி கதிரேசன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், அவன் மனைவி பூங்கொடி, "அண்ணி, ஒண்ணுதானே அண்ணி இருக்கு" என்றாள். ஒன்றுதானே இருக்கிறது. அன்றைக்குப் பிடித்த பாட்டு. டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள், தாராளமாக ஓட்டுங்கள் என்றார். அந்தத் 'தாராளமாக' அறையைத் தாண்டி வெளியே வரவே இல்லை. கூட வந்த மூன்று பேர் காதிலும் 'தண்ணீர்' மட்டும்தான் விழுந்தது.

ஒன்றுதான் இருக்கிறது. ஏன் ஒன்றுதான் இருக்கிறது? இன்னொன்றைத் தம்பிக்குக் கொடுத்தாள். கதிரேசனுடைய கிட்னி இரண்டும் பழுதாகி, வாரம் முழுக்க அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாயும் கையுமாகக் கிடந்தபோது, வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்காமல் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சாப்பிடும்போது பார்த்தார்கள், டிவி பார்க்கிறபோது டிவியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வைக்காக அவள் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தாள், இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பாள். ஆனால் கொடுத்த நாளிலிருந்து மிச்சமிருப்பதும் பொதுச்சொத்து ஆகிவிட்டது. பூங்கொடி சாயங்காலமானால் போன் பண்ணி, இன்றைக்கு எத்தனை சொம்பு தண்ணீர் குடித்தாள் என்று கணக்குக் கேட்கிறாள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ஊறுகாயை இலையிலிருந்து எடுத்துப் போடுவதற்கு யாராவது ஒரு சித்தி இருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் ஆபரேஷன் நடந்த நாளில் தம்பியும் அவன் மனைவியும் பட்டுச் சேலை, தாம்பாளம், பழம், பூவோடு வந்து அவளை உட்காரவைத்துக் காலில் விழுகிறார்கள். பிறந்த வீட்டுச் சீர். அக்காளுக்குத் தம்பி செய்கிற சீர். இந்த வருஷம் பட்டுச் சேலை வரவில்லை. டெம்போவில் ஒரு பெரிய பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே சைக்கிள். உடற்பயிற்சி சைக்கிள், வீட்டுக்குள் வைத்து மிதிக்கிறது, நகராதது. அதன் கைப்பிடியில் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, ஹாலில் டிவிக்கு எதிரே நிறுத்தி, "இனிமே நீ எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுக்கா" என்று கதிரேசன் விழுந்து கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது, நெஞ்சில் கைவைத்துச் சொன்னான், பொய்யில்லை. அதுதான் கொடுமையே. பொய்யாக இருந்தால் தூக்கி எறிந்திருக்கலாம். சீரை எறிய முடியாது, சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம், மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். நகராத சைக்கிள் உள்ளே வந்துவிட்டதால் நகருகிற சைக்கிள் வெளியே போக வேண்டும் என்று தாமோதரனும் கதிரேசனும் அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். வாங்குகிற ஆளையும் பார்த்தாயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறான். வண்டி அவளுடையது, சம்பளம் அவளுடையது, பாலிடெக்னிக்கில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு இயந்திர வரைபடம் சொல்லிக்கொடுக்கிற தொண்டைத் தண்ணி அவளுடையது. அவளிடம் மட்டும் கேட்கவில்லை. போர்வை போட்டு மூடி பால்கனியில் வைத்திருந்ததை இன்றைக்குக் காலையில் போர்வையை உருவிப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள். லிஃப்ட்டில்கூட வைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். சாயங்காலம் போகப்போகிற வண்டிக்கு மத்தியானம் புதுக் கேஜ் எதற்கு என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும்.

இரண்டாவதைக் கையில் எடுத்த உடனேயே வைத்துவிட்டாள். "இது கார்பன் இல்லீங்க. பிளாஸ்டிக்குக்கு மேல கோடு போட்ட பேப்பர் ஒட்டியிருக்கு. இங்க பாருங்க, வளைவுல கோடு கோணல் ஆகாம நேரா போகுது." ஃபெரோஸ் எடுத்துப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார், அதைக் கீழ்த்தட்டில் போட்டார். அதன்பிறகு அவர் பையனைப் பற்றிப் பேசவில்லை. "மேடம் எதுக்குப் பாக்குறீங்க, ரேஸுக்குங்களா, தூரத்துக்குங்களா?" என்றார். எதற்கு? அதை அவளே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "கெட்டியாப் பிடிக்கணும். ஆனா கேட்டா விடணும்" என்றாள். மூன்றாவது அப்படித்தான் கெட்டியாக இருந்தது. கடைப் பாட்டில் ஒன்றில் தண்ணீர் நிரப்பிக் கேட்டாள், வெறும் பாட்டில் எதில் வைத்தாலும் நிற்கும். ஃபெரோஸ் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தார். செருகினாள், டக்கென்று கவ்வியது, தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினாள், ஆடவில்லை. சரி, இப்போது எடுக்க வேண்டும். கேஜை ஒரு கையால் மேசையோடு அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள், இடுப்புக்கு மேலே இடது பக்கத் தழும்பு சுருக்கென்றது. வலி இல்லை. வலி போய் வருஷங்களாயிற்று. எதையாவது இழுக்கும்போது அங்கே தோல் ஒருமாதிரி சுருங்கும், நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுருக்கு வரும்போதெல்லாம் பயமும் கூடவே வருகிறதே, அதை யாரிடம் சொல்வது. அவர்களிடம் சொன்னால் பால்கனிக் கதவுக்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள். பயம் இல்லை என்று யார் சொன்னது? புளியமரத்தடியில் கண் இருட்டிய அந்த ஒரு நிமிஷம் அவளும் அதைத்தான் நினைத்தாள், ஒன்றுதானே இருக்கிறது என்று, பூங்கொடி சொல்வதற்கு முன்னாலேயே, பூங்கொடியின் குரலிலேயே. வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம் ஒவ்வொரு தடவை பாத்ரூம் போகும்போதும் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மஞ்சளா, வெளுப்பா என்று, வெட்கம்கெட்ட வேலை. பயப்படுவது அவளுக்கும் தெரியும். அவளுடைய பயத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அதற்குமேல் தம்பியின் பயத்தையும் தம்பி மனைவியின் பயத்தையும் தாமோதரனின் பயத்தையும் சேர்த்து வயிற்றில் கட்டிக்கொண்டு உட்கார் என்றால் எப்படி? கிட்னியைக் கொடுத்தாள். ஓடுகிற காலையும் கொடு என்கிறார்கள். அது கிடையாது. கதிரேசன் அழும்போது என்ன சொல்கிறான்? உனக்கு ஒன்று ஆனால் என்னால்தானே என்கிறான். அவனுக்குள் அது உறுத்துகிறது. அவன் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் அவள் ஒரு மூலையில் பத்திரமாக இருக்க வேண்டும், பீரோவுக்குள் வைத்த பட்டுப்புடவைபோல, எப்போதாவது எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கலாம். பாசம்தான், யார் இல்லை என்றார்கள். இதோ இந்த மூன்றாவது கேஜும் பாசமாகத்தான் பிடிக்கிறது. ஓடுகிற ஓட்டத்தில் தாகம் எடுத்து இழுத்தால் வராது. முதல் கேஜ் பாட்டிலை விட்டதால் தண்ணீர் இல்லை, இது விடாததால் தண்ணீர் இல்லை, தொண்டை வறளுவது என்னவோ ஒன்றுதான். மூன்றாவதை ஃபெரோஸ் பக்கம் தள்ளினாள்.

நாலாவது ஒரு பக்கமாகத் திறந்திருந்தது. மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவுகிற மாதிரி. அவளுடையது சின்னச் சட்டம், அவளைப் போலவே குள்ளம், மேலே இழுத்தால் பாட்டில் கம்பியில் முட்டும். இந்த வண்டிக்கு ஒரு பாட்டில்தான் சரிப்படும், ரெண்டு வெச்சா முட்டிக்கும் என்று கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் ஒன்று போதும் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தாள், அதுவும் எடைக் குறைவுதானே என்று. கூட்டத்தில் ஒருத்தர் சைக்கிளில் இருபது கிராம் குறைக்க மாதக்கணக்கில் அலைவார். "நான் ஒரு கிட்னியவே இறக்கி வெச்சுட்டு வந்திருக்கேன், என்னைவிட லைட்டு யாருங்க?" என்று கேட்டாள் ஒருநாள், யாரும் சிரிக்கவில்லை, பாவம், எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை அவர்களுக்கு. "இதுல இடப்பக்கம் திறக்கறது, வலப்பக்கம் திறக்கறது, ரெண்டும் இருக்குங்களா?" என்று கேட்டாள். "இருக்குங்க. எதுங்க வேணும்?" "ரெண்டும் வேணும்." ஃபெரோஸ் ஆளைக் கூப்பிடத் திரும்பினார். "வேண்டாங்க, நானே மாட்டிக்கறேன். டார்க் ரெஞ்சு மட்டும் குடுங்க." திருகின் இறுக்கத்தை அளந்து சொல்கிற ஸ்பேனர் அது, கார்பனை அளவுக்குமேல் இறுக்கக் கூடாது. இரும்பானால் வளைந்து சொல்லும், இது சொல்லாது, உள்ளுக்குள் விட்டுப்போய் ஒருநாள் இரண்டாகும். அளவு வந்ததும் கையில் டிக் என்று ஒரு சத்தம், அதோடு விட்டுவிட வேண்டும். வாசலில் குந்தி உட்கார்ந்து பழைய கேஜைக் கழற்றினாள், புதிது இரண்டையும் வைத்தாள், ஒவ்வொரு திருகாகப் போட்டாள், டிக், டிக். கடையிலேயே இரண்டு பாட்டிலும் வாங்கி நிரப்பிச் செருகினாள். முட்டவில்லை. "ஒரு சுத்து ஓட்டிப் பாத்துட்டு வர்றேனுங்க" என்றாள். தெருக் கோடியில் ஒரு வேகத்தடை இருந்தது, யாரோ தாரை மனம்போலக் கொட்டிவிட்டுப் போன முரட்டு மேடு, ஆட்டோக்காரர்கள்கூட ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள். நல்லது, அதுதான் வேண்டும். ஹெல்மெட் பட்டையைக் கோத்துக்கொண்டிருக்கும்போது முதுகுப் பையில் போன் அடித்தது. காலையிலிருந்து அடிக்கிறது. எடுத்தாள், தம்பி.

"அக்கா, எங்கக்கா இருக்கே? சைக்கிளக் காணோம்னு மாமா சொல்றாரு. சாயங்காலம் ஆள் வர்றான்கா."

"கடையில இருக்கேன்."

"என்ன கடை?"

தண்ணீர் பாட்டில் வாங்க வந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாதி நிஜம்தான் அது, அவனும் சந்தோஷப்படுவான், நல்லதுக்கா, நிறையக் குடிக்கா என்பான், பூங்கொடியிடமும் சொல்லுவான். இப்படித்தான் இத்தனை நாளும் ஓட்டினாள், கோயிலுக்குப் போகிறேன், கல்லூரியில் வேலை இருக்கிறது, ஃப்ரெண்டு வீடு என்று, திருட்டுப் பிள்ளைபோல. எரிச்சலாக வந்தது, அவன்மேல் இல்லை, அந்த நாக்கின்மேல்.

"சைக்கிள் கடைடா. பாட்டில் கேஜ் மாட்டிட்டு நிக்கறேன். கார்பன். ரெண்டு."

"ரெண்டா? எதுக்குக்கா ரெண்டு?"

"ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு இருக்கும்ல."

மெதுவாக, "உனக்கு இருக்கறது ஒண்ணுதானேக்கா" என்றான்.

"ஒண்ணுதான். உனக்குக் குடுத்தது போக மிச்சம். அது என்னோடதுடா கதிரு. அதை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு நான்தான் சொல்லுவேன். நீயும் மாமாவும் உக்காந்து பேசற விஷயம் இல்ல அது. வர்ற ஆளுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிரு."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படிக்கா இருப்பேன்?" அழ ஆரம்பித்துவிட்டான். நாற்பத்தைந்து வயதில், மீசை நரைத்தபிறகு, இன்னும் அதே அழுகை. பள்ளிக்கூடம் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து, மேடு வந்தால் பயந்துபோய் இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வானே, அந்தக் கை. அந்தக் கைக்கு நேர் உள்ளே இருந்ததுதான் இப்போது அவனுக்குள் இருக்கிறது. அதற்காகக் குரலை இறக்கப்போவதில்லை.

"இருப்படா. இருக்கறதுக்குத்தானே குடுத்தேன்."

அவன் மூக்கை உறிஞ்சினான். "அப்போ அந்தச் சீரு... அதைத் திருப்பி அனுப்பிருவியா?"

"அனுப்ப மாட்டேன். என் ஹால்லயே நிக்கட்டும். தெனம் சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து ஏறி மிதி. உன்னைத்தான டாக்டர் உடம்ப அசைக்கச் சொல்லி மூணு வருஷமா கத்தறாரு? உள்ள இருக்கறது என் கிட்னிடா. அதை உக்கார வெச்சே வளக்காத, அதுக்குப் பழக்கமில்ல."

அவன் குரல் வந்தது, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

"அந்த சீட்டு எனக்கு ரொம்ப உயரம்க்கா."

"இறக்கிக்கலாம், வா."

போனைப் பையில் போட்டாள். கடை வாசலில் ஃபெரோஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், கேட்டிருப்பார், கேட்கட்டும். ஏறி மிதித்தாள். தெருவின் காற்று வேர்த்த கழுத்தில் பட்டது. ஆட்டோ ஒன்று வேகத்தடையைப் பார்த்து ஓரமாக ஒதுங்கியது. அவள் ஒதுங்கவில்லை. நட்ட நடுவில், வேகத்தைக் குறைக்காமல் போனாள், முன்சக்கரம் ஏறியது, தொப்பென்று இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது, பல் கிட்டியது, தழும்பு ஒருதரம் சுருங்கி விட்டது. கீழே பார்க்கவில்லை. இடது கையை இறக்கிப் பக்கவாட்டில் உருவினாள். பாட்டில் கைக்கு வந்தது. மூடியைப் பல்லால் கடித்து இழுத்து, மிதித்துக்கொண்டே, மோவாயிலும் சட்டையிலும் வழிய வழிய, பாதிப் பாட்டிலைக் குடித்தாள்.